பின்வாசல் வழியாகக் காலியான பானை

என் அண்ணன் ஆரின் டிரெய்லிங்கை எதிர்த்து இருபத்தெட்டு வருடமாக யாரும் தேர்தலில் நின்றதில்லை. நிற்க ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஆசைப்பட்டு என்ன, பூனைக்கு யார் மணி கட்டுவது? குளிர்காலத்தில் பனி கொட்டினால் அவரவர் வாசலுக்கு அண்ணன் அனுப்பும் வண்டிதான் வந்தாக வேண்டும்.

கவுண்டி என்பது எங்கள் மாவட்டம்; தொகுதிக்கு ஒருவராக அதை நடத்தும் மூன்று கமிஷனர்களில் அண்ணன் ஒருவன். கவுண்டியின் பனி அள்ளும் வண்டிக்குப் பொதுச் சாலையோடு வேலை முடிந்துவிட வேண்டும். சட்டம் அப்படித்தான். ஆனால் அண்ணன் தொகுதியில் அது சாலையை விட்டுத் திரும்பி, ஒவ்வொரு வீட்டுப் பாதையிலும் நுழைந்து, கார் நிற்கும் இடம்வரை வழித்துவிட்டுப் போகும். ஓட்டுநர் மைலோ கண்ணாடியை இறக்கி, “கமிஷனர் அனுப்பினாரு” என்று ஒரு வார்த்தை சொல்வான். அவ்வளவுதான். அந்த வீட்டு ஓட்டும் பனியோடு சேர்த்து அள்ளியாகிவிடும்.

அண்ணனைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளத்தில் பாலம் போனபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிறு கட்டியவன் அவன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன். என் கணவர் ஒரு ஜனவரியில் இறந்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியை அண்ணன் தானே வண்டியேறிச் சுத்தம் செய்துவிட்டு, அழுது வீங்கிய கண்ணோடு வந்து நின்றான். ஆனால் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், ஒரே பதவியில் இருபத்தெட்டு வருடம் இருந்தால் ஊரே தன் வீட்டுக் கொல்லை என்ற நினைப்பு வந்துவிடுகிறது. என் அண்ணனுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை இது.

எட்டு வருடத்துக்கு முன்னால் கவுண்டியில் எல்லோரும் ஓட்டுப் போட்டு ஒரு வரம்பு வைத்தோம். எந்தக் கமிஷனரும் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது. தடவைக்கு நாலு வருடம். பழைய வருடங்களை விட்டுவிட்டு, அடுத்து வரும் தேர்தலிலிருந்து எண்ண வேண்டும். அண்ணனே மேடையேறி அதை ஆதரித்துப் பேசினான். எட்டு வருடம் அன்றைக்கு வெகு தூரத்தில் தெரிந்தது. நாங்களும் கைதட்டினோம். அடுத்த தொகுதிக்காரன் எழுந்து போகவேண்டும், நம்ம ஆள் மட்டும் இருக்கவேண்டும் என்பதுதான் கைதட்டிய ஒவ்வொருவர் மனதிலும் இருந்தது.

இந்த வருடம் அண்ணனின் கெடு முடிந்தது. மற்ற இரண்டு கமிஷனர்களுக்கும் இன்னும் இரண்டு வருடத்தில் முடியும். ஆகவே மூன்று பேருக்கும் ஒரே மனசு. ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் உட்கார்ந்து, தொகுதி எல்லைகளை நாலு கோதுமை வயல் இப்படி, நாலு வயல் அப்படி என்று நகர்த்தி வைத்தார்கள். தொகுதி புதிது, ஆகவே கமிஷனரும் புதிது, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்றார்கள். கவுண்டி வக்கீலும் ஆமாம் என்று தலையாட்டினார். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஊர் முணுமுணுத்தது. முணுமுணுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனது. வெல்டா ஹ்ருஸ்கா மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

வெல்டா பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஆட்டர் ஓடையில் சாலைக்கு அடியில் போட்டிருந்த குழாய் மூன்று வருடத்துக்கு முன்னால் தண்ணீரில் சாலையோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அவள் பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது. முதல் நிறுத்தத்துப் பிள்ளைகள் இருட்டோடு இருட்டாக எழுந்து வந்து நிற்கிறார்கள். அவளும் கமிஷனர்களிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். “அடுத்த வருஷம் பார்ப்போம்மா” என்று ஒவ்வொரு வருடமும் சொன்னான் அண்ணன்.

அவள் உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

“அக்கா, உங்க அண்ணனை எதிர்த்து நான் நிக்கப் போறேன், சுயேச்சையா. வேற யாராவது வந்து சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடலாம்னு வந்தேன்.”

“எத்தனை வருஷத்துக்கு?” என்றேன்.

“எட்டு. ஜெயிச்சா ரெண்டு தடவை, அதோட சரி. அதுக்கு மேல ஒரு நாள் இருந்தா நீங்களே கரண்டியால போடுங்க என் தலையில.”

“எட்டு முடியும்போது எல்லையை நகர்த்துவே.”

“அப்போ என் மேல பஸ்ஸையே ஏத்துங்க!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு ஓட்டுப் போடுவேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? கூடப் பிறந்தவன் அல்லவா.

தீயணைப்புக் கொட்டகையின் சமையலறை பல வருடமாக என் கையில் இருக்கிறது. எனக்கு ஒரு வரம்பு வைத்தால் சந்தோஷமாகக் கரண்டியைக் கீழே போடுவேன், எடுக்கத்தான் ஆளில்லை. தேர்தலுக்கு முந்தைய அக்டோபரில் தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே நீள மேசைகள் போட்டு ஊர் விருந்து நடத்துவோம். ஒவ்வொரு வேட்பாளரும் ஒரு பானை சில்லி சமைத்துக்கொண்டு வந்து, தன் கையாலேயே எல்லோருக்கும் ஊற்ற வேண்டும். மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய குழம்பு. அதோடு கடித்துக்கொள்ள லவங்கப்பட்டையும் சர்க்கரையும் தூவிய சுருள் ரொட்டி. வெளியூர்க்காரர்கள் இந்த ஜோடியைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எவர் பானை முதலில் காலியாகிறதோ அவருக்கே பதவி என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. கமிஷனர் விஷயத்தில் அது பொய்த்ததே இல்லை. இத்தனை வருடமும் ஒரே பானைதானே இருந்தது.

அன்றைக்கு இரண்டு பானை, பக்கத்தில் பக்கத்தில். அண்ணன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மார்புக்குக் குறுக்கே துணி கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நின்றான்.

“வாய்யா டெல்மர்! மகளுக்குப் பையன் பொறந்திருக்கானாமே! உங்க வளைவுல சரளை கொட்டச் சொல்லியிருந்தேனே, கொட்டினானா?”

“கொட்டிட்டான் அண்ணே,” என்றான் டெல்மர். அவன் கண் ஒரு தடவை வெல்டாவின் பானைப் பக்கம் போய்வந்தது. கிண்ணம் அண்ணன் பக்கம் நீண்டது.

அடுத்தவனுக்கும் இதேதான். அதற்கடுத்தவளுக்கும். அண்ணன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், அப்பா பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டான், வாசலையும் வளைவையும் விசாரித்தான். அந்தப் பார்வையைத் தாண்டி அடுத்த பானைக்குக் கிண்ணத்தை நீட்ட யாருக்குத் தைரியம் வரும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் பனி அள்ளியவரையும் நினைக்க வேண்டும்.

வெல்டா கரண்டியும் கையுமாக ஈ ஓட்டிக்கொண்டு நின்றாள். ஒருத்தி குனிந்து, “வாசம் தூக்குதுடி” என்று கிசுகிசுத்துவிட்டு நகர்ந்தாள். பக்கத்துக் கவுண்டியிலிருந்து விதை விற்க வந்த ஒருவன் மட்டும் இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கு இங்கே ஓட்டில்லை.

அண்ணனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

“வெல்டா, ஆறி அவலாப் போகுதேம்மா. பஸ்ஸுல ஏத்திட்டுப் போய்ப் பிள்ளைங்களுக்காவது ஊத்து!”

கொட்டகையே சிரித்தது.

“பஸ் ஊரைச் சுத்தில்ல போகுது அண்ணே,” என்றாள் வெல்டா. “போய்ச் சேர்றதுக்குள்ள ஊசிப் போயிடும்.”

சிரித்தவர்களில் பாதிப் பேர் சட்டென்று தங்கள் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறார்கள். ஆனாலும் ஒரு கிண்ணம்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணன் மேல் கோபமா, ஊர் மேல் கோபமா என்று தெரியவில்லை. நேரே போய் அவள் பானையின் ஒரு காதைப் பிடித்தேன்.

“தூக்கு. உள்ளே கொண்டுபோய்ச் சூடு பண்ணலாம்.”

சமையலறைக்குள் வந்ததும் அவள் முகம் கோணிவிட்டது. “ஒருத்தர்கூட வரலையே அக்கா. பஸ்ஸுல ஏறி இறங்கறப்போ எல்லாம், நீ நில்லு வெல்டா, நாங்க இருக்கோம்னு சொன்னவங்கதான் அத்தனை பேரும். நாளைக்கு இந்த முகத்தை வெச்சுக்கிட்டு எப்படி அவங்க வீட்டு முன்னால ஹாரன் அடிப்பேன்?”

அடுப்பைப் பற்றவைத்தேன். அப்போதுதான் குப்பை கொட்டப் போகிற பின்வாசல் கதவை யாரோ விரலால் சுரண்டினார்கள்.

திறந்தால் மைலோ. பனி வண்டி ஓட்டுகிற அதே மைலோ. கையில் காலியான ஐஸ்கிரீம் வாளி.

“அக்கா, வீட்டுல அவளுக்குப் பல் வலி. வர முடியலை. கொஞ்சம் வாங்கிட்டு வரச் சொன்னா.”

“முன்னால போ. ஆரின் ஊத்துவான்.”

அவன் காலை மாற்றி மாற்றி நின்றான். “அது... இந்தப் பானையிலிருந்து வேணுமாம்.”

“பல் வலிக்காரிக்குப் பானைகூடத் தெரியுதா?”

“அக்கா, சிரிக்காதீங்க. ஒவ்வொரு வாசலா நுழைஞ்சு திரும்பறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிப் போகுது. ஸ்கூல் பஸ் போற ரோட்டைக் கடைசியாத்தான் தொட முடியுது. என் பையனும் அதுலதான் போறான்.” அவன் வெல்டாவைப் பார்க்காமலே வாளியை நீட்டினான். “நிறைய ஊத்து.”

அவன் போய்க் கதவைச் சாத்தவில்லை, அடுத்த விரல் சுரண்டியது. மாமியாருக்கு மூட்டு வலி என்றாள் ஒருத்தி. உரம் விற்கிறவனின் அண்ணிக்குச் சளி. முன்னால் அண்ணனிடம் வாங்கி வயிறு நிறையச் சாப்பிட்ட டெல்மர், ஒரு பெரிய டப்பாவோடு வந்து நின்றான்.

“எங்க நாய்க்கு உடம்பு சரியில்லை, லியோரா அக்கா.”

“நாய்க்குச் சில்லியாடா?”

“வயசான நாய். என்ன கேட்டாலும் குடுத்துடறது.”

வெல்டா அழுதுகொண்டே ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே சிரித்தாள். பின்வாசலில் ஆளுக்கொரு சாக்கு, சாக்குக்கொரு வாளி. ஒருவரை ஒருவர் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு வரிசை நீண்டதும் குனிவதை விட்டுவிட்டார்கள். யாரோ ஒருவன், “அட, உன் நாய்க்குமா?” என்று கேட்க, அந்தக் குளிரில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பானையின் அடியைச் சுரண்டி நான் ஒரு வாய் போட்டுக்கொண்டேன். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனால் நல்ல கைப்பக்குவம்.

முன்னால் அண்ணன் பானையும் காலியாகியிருந்தது. என்னை வீட்டில் இறக்கிவிட வண்டியில் ஏற்றிக்கொண்டவன் வழியெல்லாம் சீட்டியடித்தான்.

“பார்த்தியா லியோ? அடியில ஒட்டினதுகூட இல்லை. அவ பானையை நீ தூக்கிட்டுப் போனது நல்லதாப் போச்சு, பாவம், மானம் போயிருக்கும்.”

பின்வாசல் விஷயத்தை நான் சொல்லவில்லை. அது மற்றவர்களுடைய ரகசியம். என்னுடையதை மட்டும் சொல்ல எனக்கு உரிமை இருந்தது.

“அண்ணே, நான் உனக்கு ஓட்டுப் போடப் போறதில்லை.”

சீட்டி நின்றது. வண்டி கொஞ்ச தூரம் தானாகப் போனது.

“நீ என் தங்கச்சிதானா?”

“தங்கச்சிங்கறதாலதான் மூஞ்சிக்கு நேரா சொல்றேன். மத்தவங்க சொல்ல மாட்டாங்க. ரெண்டு தடவை போதும்னு மேடையில நீதானே பேசினே? நானும்தானே கைதட்டினேன்? இப்போ கோட்டை நகர்த்தி வெச்சுட்டுப் புதுசுங்கறே. உனக்கு எழுபத்தொண்ணு ஆகுது அண்ணே. புதுசாம் புதுசு!”

“நான் இல்லைன்னா இந்த ஊரு என்ன ஆகும்னு நினைச்சியா?”

“நினைச்சேன். தெரியலை. தெரிஞ்சுக்கணும்.”

அவன் என் வீட்டு முன்னால் நிறுத்தினான், என்ஜினை அணைக்கவில்லை. நான் இறங்கினேன். அப்பா போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் என்னோடு சாப்பிட்டவன், அதற்குப் பிறகு வரவில்லை. தேவாலயத்தில்கூட வேறு வரிசையில் போய் உட்கார்ந்தான். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரி என்று தெரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

நவம்பரில் வெல்டா ஜெயித்தாள். வித்தியாசம் ஒரு பஸ்ஸில் அடங்கும் கூட்டம்தான், ஆனால் ஜெயித்தாள். வானொலியில் செய்தி வந்ததும் அடுக்களையில் தனியாகக் கைதட்டினேன். பிறகு அண்ணன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று நினைத்துப் பாத்திரத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

டிசம்பரில் பனி கொட்டியதும் ஏச்சும் ஆரம்பித்தது. வெல்டா பதவியேற்கும் முன்பே மைலோ வாசல்களை விட்டுவிட்டு பஸ் போகிற சாலையை முதலில் வழிக்க ஆரம்பித்துவிட்டான். மண்வெட்டி பிடித்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் பெட்ரோல் பங்கில் நின்று அவளைத் திட்டினார்கள். நாய்க்குச் சில்லி வாங்கிப் போன டெல்மர்தான் எல்லோரையும்விட உரக்கத் திட்டினான். திட்டட்டும். இத்தனை வருடம் திட்டுவதற்குக்கூட வாய் திறக்காதவன்.

ஜனவரியில் முதல் கூட்டம். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கமாக நாலு பேர் வந்தால் அதிகம். அன்றைக்கு கூட்டம் நடக்கும் நீதிமன்றக் கட்டிடத்து அறை நிரம்பியிருந்தது. மேலே மேடையில், மேசைக்குப் பின்னால் பழைய இருவரும், ஓரத்தில் வெல்டாவும். பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்திருந்ததால் அவள் மூக்கு சிவந்திருந்தது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு இளம் விவசாயிகள், அடுத்த தடவை மற்ற இரண்டு இடங்களுக்கும் யார் யார் நிற்பது என்று காதுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசுவது மேலே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கத்தான் வேண்டும்.

கதவு திறந்தது. அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். பழக்க தோஷத்தில் கால் நேரே மேடைப் பக்கம் போனது. நடுவழியில் நின்று, திரும்பி, காலியான இடம் தேடினான். இருந்தது ஒன்றுதான், என் பக்கத்தில். உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்ததும் கையைத் தூக்கினான். எழுந்து நின்று, ஆட்டர் ஓடைக் குழாயைப் பற்றிப் பேசினான். பழைய குழாய் ஏன் போனது, அந்த ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வந்து சேர்கிறது, வெள்ள வருடத்தில் தண்ணீர் எந்த மரம்வரை ஏறியது என்று சொல்லிக்கொண்டே போனான். “அதே அளவுக் குழாயைத் திரும்பப் போட்டா, காசைக் கரைச்சு ஓடையில விட்டாப்பல. நான் சொல்றது என்னன்னா...”

டிங் என்று மேசை மணி அடித்தது. அண்ணனுக்குப் பிறகு தலைவரான கேலன், இருபது வருடம் அண்ணன் தோளோடு தோள் உட்கார்ந்தவர், மணியிலிருந்து கையை எடுத்தார்.

“மூணு நிமிஷம் முடிஞ்சது, ஆரின்.”

“கேலன், நான்யா! ஆரின்!”

“தெரியுது. மூணு நிமிஷத்துக்கு மேல யாரையும் பேச விடக்கூடாதுன்னு விதி போட்டதே நீதானே?”

அறையில் சிரிப்பு வெடித்தது. அண்ணன் காது சிவந்து நின்றான். வாயில் வார்த்தை இருந்தது, சொல்ல அனுமதி இல்லை. அப்படி ஒரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததேயில்லை. ஆனால் அதே இடத்தில் நின்றவர்களிடம் பல தடவை பார்த்திருக்கிறேன்.

“எனக்கு ஒரு கேள்வி இருக்கு,” என்றாள் வெல்டா. “கமிஷனர் கேள்வி கேட்டா பதில் சொல்லலாம்தானே? ஆரின் அண்ணே, எவ்வளவு பெரிய குழாய் போடணும்?”

அண்ணன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு பதில் சொன்னான். குழாயின் அளவைச் சொன்னான், எந்தப் பருவத்தில் போட வேண்டும் என்று சொன்னான். வெல்டா தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டாள்.

அவன் வந்து உட்கார்ந்தான். நெளிந்தான். முதுகை ஒரு பக்கம் சாய்த்தான், இன்னொரு பக்கம் சாய்த்தான். அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக என் பக்கம் குனிந்தான்.

“என்ன நாற்காலி இது, லியோ? வெறும் இரும்பு. இடுப்பு கழண்டுடும் போலிருக்கு. இத்தனை வருஷமா எவனும் ஒரு வார்த்தை சொல்லலையே?”

“சொன்னோம் அண்ணே,” என்றேன். “நீ மணி அடிச்சுட்டே.”

மேலே யாரோ சரளைக்கல் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவன் தொப்பியை முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

“அடுத்த திங்கட்கிழமையும் வரணும்,” என்றான் கடைசியில். “குழாயைப் பத்தி இன்னும் பாதி சொல்லலை. நீ வர்றப்போ என்னையும் ஏத்திக்க.”